பாந்துன் காதோடு குயில் பாட்டைக் கேட்டால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள். லயம் என்றால் அவர்களுக்கு முதலில் தாத்தா இருந்த வரிசை வீடுதான் நினைவுக்கு வரும், பிறகுதான் தாளம். பாரதியின் குயில் பாட்டைக் கொடுத்து யாப்பைப் பார்க்கச் சொன்னால், முக்கால்வாசிப் பேர் அடியின் கடைசிச் சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். மலாய்ச் செய்யுளான பாந்துன் படித்த பழக்கம். அதில் ஓசை ஒன்றுவிட்டு ஒன்றாக அடியின் ஈற்றில் ஒத்துவரும். இங்கே அடியின் தலையைப் பார்க்கவேண்டும்.

காலை இளம்பரிதி வீசுங் கதிர்களிலே
நீலக் கடலோர் நெருப்பெதிரே சேர்மணிபோல்

ஈற்றில் லே, போல். "எதுகையே இல்லை ஐயா" என்பார்கள். காலை, நீல என்று இரண்டாம் எழுத்தில் லகரம் நிற்பது கண்ணில் படாது. முதலெழுத்து ஒத்துவரும் மோனையும் அப்படித்தான்: முதலடியில் கா–க, முதற்சீரும் நான்காம் சீரும், அடுத்ததில் நீ–நெ, ஒன்றும் மூன்றும். மோனை உண்டு என்று மட்டும் எழுதினால் போதாது, எந்தச் சீரில் என்று சொல்லவேண்டும்.

அடுத்த சறுக்கல் அசையில். மலாயில் ஒலித்துண்டுகளை எண்ணும் சூக்கு காத்தா கணக்கில் 'கதிர்களிலே' ஐந்து. தமிழில் மூன்றுதான்: கதிர் / களி / லே. குறிலை அடுத்துக் குறில் வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நிரையசை, ஒற்றுக்குக் கணக்கில்லை. இதைத் தவறவிட்டால் சீரும் சீரும் இணைகிற தளை முழுக்கக் குழம்பிவிடும். அச்சில் இடைவெளி விட்ட இடமெல்லாம் சீர் முடிவதாக நினைப்பதும் இதே குழப்பம்தான். 'சேர் மணிபோல்' என்று பிரித்து அச்சிட்டிருந்தாலும் அது ஒரே சீர்.

வடிவம் என்ன என்று கேட்டால் 'காதல் கவிதை' என்று எழுதுகிறார்கள். காதல் பொருள், வடிவம் கலிவெண்பா. கலி என்ற பெயரைப் பார்த்துக் கலித்தளையைத் தேடவேண்டாம், ஓடுவது வெண்டளைதான். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்; அதாவது மாச்சீரை அடுத்து நிரையசையும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசையும் வரும். உலா, தூது, மடல் எல்லாம் இந்த யாப்பில்தான் வந்தன. தூது நூல்களில் பறவையைக் காதலரிடம் அனுப்புவார்கள். பாரதியிடம் பறவையே காதலியாக வந்து நிற்கிறது. இதை எழுதுகிற பிள்ளைக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன்.

எதுகை இரண்டிரண்டு அடியாக வருவதால் அதோடு பொருளும் முடிந்துவிடுகிறது என்று நிறுத்திப் படிக்காதீர்கள். மேலே சொன்ன இரண்டடியில் வாக்கியம் முடியவில்லை. கடலும் அலையும் கரையும் வந்து, ஆறாம் அடியில்தான் தென்புதுவை என்ற ஊர்ப்பெயரே தலைகாட்டுகிறது.