லொக்குக்குள் இரண்டு பேர், இரண்டு கயிறு: ட்ரென்ட்-செவர்னில் படகு விடுவது எப்படி

போன கோடையில் நானும் மனைவியும் கனடாவின் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில், எங்கள் பழைய 27 அடிப் படகில் ஒன்ராறியோ வாவிக் கரையிலிருக்கும் ட்ரென்டனில் ஏறி, ஜோர்ஜியன் குடாப் பக்கம் போர்ட் செவர்ன் வரைக்கும் போனோம். 386 கிலோமீட்டர், நாற்பதுக்கும் மேற்பட்ட லொக்குகள் (தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும், கதவு போட்ட தொட்டிகள்), மூன்று வாரம். சமையல், குளியல், சண்டை, சமாதானம் எல்லாம் அதற்குள்ளேதான். திரும்பி வந்ததும் ஸ்காபரோ நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ரெண்டே பேர் லொக்குக்குள்ள என்னெண்டு சமாளிச்சனீங்கள்?" அதைத்தான் எழுதுகிறேன். படகு ஓட்டும் அட்டை, லைஃப் ஜாக்கெட், சுக்கான் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. லொக் கண்ணில் படுமுன்னே தயாராகுங்கள்

ஃபெண்டர்களை, அதாவது படகு சுவரில் உரசாமல் காக்கும் மெத்தைகளை, இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். எந்தச் சுவர் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு கயிறு. நாங்கள் வைத்திருந்தவை 12 மீட்டர் நைலோன் கயிறுகள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றை வாங்காதீர்கள், வழுக்கும், கையையும் அறுக்கும். இழுத்து நீட்டும் அலுமினியக் கொக்கிக் கம்பும் எனக்குப் பிடிக்காது, சரியாகத் தேவைப்படுகிற நேரம் பார்த்து மடங்கும். மரக்கம்பு போதும். கையுறை கட்டாயம், அந்தச் சுவரெல்லாம் பாசி.

2. நீலக் கோடு

லொக்குக்கு முன்னால் கரைச்சுவரில் நீலக் கோடு போட்டிருப்பார்கள். அங்கே நின்றால் அடுத்த தடவை உள்ளே போகக் காத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரவு தங்குவதற்கு அந்தக் கோட்டைத் தாண்டியுள்ள சுவர். முதல் நாளே நாங்கள் நீலக் கோட்டில் கட்டிவிட்டு கோப்பி குடிக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

3. உள்ளே போவது

மிக மெதுவாக. சுவரில் மேலிருந்து அடிவரை ரப்பர் போர்த்த கம்பிவடங்கள் இருக்கும். ஒவ்வொரு கயிற்றையும் ஒரு வடத்துக்குப் பின்னால் ஒரே தடவை சுற்றி, நுனியைத் திரும்பக் கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பின் கயிறு முதலில், முன் கயிறு பிறகு. முதல் இரண்டு லொக்கிலும் இதை மாற்றிச் செய்தோம். மனைவி முன்னால் நின்று வடத்தைப் பிடித்து இழுத்தாள், மூக்கு சுவரில் ஒட்ட, வால் மெல்லத் திரும்பி லொக்குக்குக் குறுக்கே போய் நின்றது. எங்கள் படகு பின்னோக்கிப் போட்டால் வால் இடப்பக்கம் இழுக்கும், அதனால் இடம் இருந்தால் எப்போதும் இடச்சுவர்தான் எங்களுக்கு. உங்கள் படகு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று திறந்த தண்ணீரில் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

4. கட்டாதீர்கள். கட்டவே கட்டாதீர்கள்

எங்களைப் பயமுறுத்திய இடம் இது. கீழே இறங்கும் லொக் ஒன்றில், கை வலிக்கிறதே என்று நான் கயிற்றை வடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் கிளீட்டில் (படகில் கயிறு கட்டும் கொம்பில்) கட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைத் தேடிப் போனேன். தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு வடத்தின் ரப்பரைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. "இஞ்சாருங்கோ, கயிறு இறுகுது!" என்று அவள் கத்த, "கொஞ்சம் பொறும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் படகு ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே பருப்புச் சட்டி நிலத்தில். பாரம் ஏறிய கயிற்றை எந்தக் கையாலும் அவிழ்க்க முடியாது. மேலே நின்ற பணியாளர் மதகை அடைத்து, திரும்பத் தண்ணீரை ஏற்றிய பிறகுதான் அது தளர்ந்தது. அன்றிலிருந்து பின்பக்கம் ஒரு கூர்க்கத்தி உறையோடு தொங்குகிறது. கயிறு கையில்தான் இருக்க வேண்டும், தண்ணீரோடு சேர்ந்து தளர்த்தவும் இழுக்கவும். கிளீட்டில் பிடிமானத்துக்கு ஒரு அரைச்சுற்று, அவ்வளவுதான்.

விதிவிலக்கு பீற்றர்பரோ லிஃப்ட் லொக். 1904இல் திறந்தது, சுமார் 20 மீட்டர் தூக்கும். அங்கே படகு நிற்கும் தொட்டியே ஏறி இறங்குவதால் உள்ளே நீர்மட்டம் மாறாது, நிம்மதியாகக் கட்டலாம். மேலே நிற்கும் தொட்டியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தண்ணீர் கூடுதலாக விடுகிறார்கள், அந்தப் பாரத்தில் அது இறங்க மற்றது ஏறுகிறது. மேலே போய் நின்றதும் ஊரே காலடியில் கிடக்கும். நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டேன்.

5. எஞ்சினும் அடுப்பும்

உள்ளே நின்றதும் எஞ்சினை நிறுத்த வேண்டும். திறந்த நெருப்பும் கூடாது. குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும் நேரம் பார்த்து லொக் வந்தால் அன்றைக்கு அரைவேக்காட்டுச் சோறுதான். பெற்றோல் எஞ்சின் என்றால் திரும்ப முடுக்கும் முன் நான்கு நிமிடமாவது புளோவரை (எஞ்சின் அறையில் தேங்கிய பெற்றோல் ஆவியை வெளியே தள்ளும் விசிறியை) ஓடவிடுங்கள். கதவு திறந்த பிறகு தொடங்கினால் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், கொஞ்சம் முந்தியே போடுங்கள்.

6. இரவு எங்கே?

மரினாவை (படகுகள் காசு கொடுத்துக் கட்டும் துறையை) விட லொக் சுவர்தான் எங்கள் விருப்பம். அதற்கான அனுமதிச்சீட்டைப் பார்க்ஸ் கனடா விற்கிறது. மாலையில் கதவுகள் அடைத்த பிறகு சத்தமே இல்லை. ஃபெனலன் ஃபோல்ஸில் லொக் ஊருக்கு நடுவில், கம்பியில் சாய்ந்து ஐஸ்கிரீம் நக்கியபடி ஒரு கூட்டமே உங்கள் கயிற்றைப் பார்க்கும், கூச்சப்படாதீர்கள். பொப்கேஜன் எங்களுக்குப் பிடித்த ஊர். இந்த நீர்வழியின் முதல் லொக்கை 1833இல் அங்கேதான் கட்டினார்கள். ஐஸ்கிரீமுக்குப் பேர்போன கவார்த்தா டெய்ரி 1937இல் தொடங்கியதும் அங்கேதான். ஒரு இரவு என்று கட்டி இரண்டு இரவு தங்கினோம்.

சிம்கோ வாவியை மட்டும் விடியற்காலையில் கடந்துவிடுங்கள். பெரிய, திறந்த வாவி, காற்று எழும்பினால் குறுகிய செங்குத்து அலை வரும். எங்கள் தட்டுகள் உடைந்தது அங்கேதான்.

பின்சேர்க்கை: வாசகர் ஒருவர், படகு போகும் வழியைக் காட்டும் மிதவைகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தார். நியாயம். ட்ரென்டனிலிருந்து மேலே ஏறும்வரை சிவப்பு மிதவை உங்கள் வலப்பக்கம். கேர்க்ஃபீல்ட் லிஃப்ட் லொக்கைக் கடந்ததும் தண்ணீர் மறுபக்கம் இறங்கத் தொடங்குகிறது, சிவப்பு இடப்பக்கம் மாறிவிடும். ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சுக்கானுக்கு மேல் ஒட்டுங்கள், நாங்கள் ஒட்டினோம்.

இன்னொன்று: எஞ்சின் சூடாகிறது என்று எழுதியவருக்கு: கவார்த்தா வாவிகளில் களை அதிகம், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் வடிகட்டியைத் தினமும் காலையில் திறந்து பாருங்கள். எங்களுடையதில் ஒருநாள் ஒரு கைப்பிடி கீரை அளவுக்கு இருந்தது. கழிவறைத் தொட்டியைப் பற்றிக் கேட்டவருக்கு: வாவியில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம், மரினாவில் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். வெள்ளி மாலையில் போகாதீர்கள், எல்லாரும் அப்போதுதான் வருவார்கள்.