மே மாதச் சென்னையில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்ற முகாம் நடத்துவது எப்படி?

பள்ளி விடுமுறையை ஒட்டி நடத்துவதால் குதிரையேற்ற முகாம்கள் குதிரைக்கு ஆண்டிலேயே கடினமான நாட்களில்தான் வந்து விழுகின்றன. ஆகவே பெற்றோருக்கு எந்த நேரம் வசதி என்று கேட்டு அட்டவணை போடாதீர்கள். குதிரையின் உடல்சூடு எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று பார்த்துப் போடுங்கள்.

வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆபத்து

குதிரையும் நம்மைப் போல வியர்த்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும், சூடு உள்ளேயே நிற்கும். குதிரைக்காரர்கள் போடும் எளிய கணக்கு ஒன்று உண்டு: பாரன்ஹீட் வெப்பநிலையோடு ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுங்கள். 130க்குக் கீழே கவலையில்லை. 150ஐத் தாண்டினால் வேலையைக் குறைக்க வேண்டும். 180ஐத் தொட்டால் சேணமே ஏற்றக் கூடாது.

விடியற்காலையில் 84 டிகிரியும் 80 விழுக்காடு ஈரமும் இருந்தால் கூட்டுத்தொகை 164. காலை ஆறு மணி என்பதால் மட்டும் குதிரைக்குச் சுலபமாகிவிடாது. ஒன்பதரைக்கு 93 டிகிரி, 60 விழுக்காடு என்றால் 153தான் வரும். ஆனால் நேர் வெயிலும் மணலின் அனலும் இந்தக் கணக்கில் சேராதவை. எண் குறைந்துவிட்டதே என்று அப்போது வகுப்பை நீட்டிக்காதீர்கள்.

மே மாதத்தில் பொழுது ஏறக்குறைய 5:45க்கு விடிகிறது. முதல் அணி 6 மணிக்கு ஏறி 6:40க்கு இறங்கட்டும், அடுத்தது 7 முதல் 7:40 வரை. 8 மணிக்கு மேல் எவரும் சேணத்தில் இருக்க வேண்டாம். ஒரு குதிரைக்கு நாளுக்கு ஒரு அணி போதும். இரண்டாவதும் அதுவே போகவேண்டி வந்தால் நடை மட்டும், ட்ராட் (மெல்லோட்டம்) கிடையாது. முதல் அணியிலும் ட்ராட் ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், பிறகு நிழலில் நடை. தூசி அடங்க மைதானத்து மணலை முந்தின மாலையே நனைத்துவிடுங்கள்.

பிள்ளையும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. கோடையில் 15 விழுக்காடோடு நிறுத்துவது நல்லது. 300 கிலோ மட்டக்குதிரைக்கு 45 கிலோ. சேணத்தைக் கழித்தால் பிள்ளைக்கு 40 கிலோகூட மிஞ்சாது.

இறங்கியபின் அரை மணி நேரம்

பெரும்பாலான முகாம்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, ஆசனவாய்ச் சூடு 99 முதல் 101 டிகிரி. வேலை முடிந்து 15 நிமிடத்தில் நாடி 60க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் குதிரை அன்றைக்கு வேலையை முடித்துக்கொள்ளட்டும். 104ஐத் தாண்டிய சூடு, தள்ளாட்டம், விடாத இளைப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

சேணத்தைக் கழற்றி, நிழலில் நிறுத்தி, கழுத்து, மார்பு, முதுகு, பின்தொடை என்று உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். சூடான தசையில் குளிர்ந்த நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. ஈரத்துணியை முதுகில் போட்டுவைப்பதுதான் தவறு. அது காற்றைத் தடுத்துச் சூட்டைப் பிடித்துவைக்கும். உடனே குடிக்கத் தண்ணீர் காட்டலாம். வேலை செய்யும் குதிரை கோடையில் நாளுக்கு 40 லிட்டருக்குமேல் குடிக்கும். வாளி தொடப்படாமல் இருந்தால், சாணம் சிறுத்துக் காய்ந்திருந்தால், வயிற்றுக்கட்டு வரக்கூடும். குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம். அதனால் தீவனத்தில் தினம் 30 கிராம் சாப்பாட்டு உப்பு கலப்பது அவசியம், தண்ணீர் தாராளமாக இருந்தால் மட்டும்.

எல்லாக் குதிரையும் நனைந்திருக்க ஒன்று மட்டும் காய்ந்த மயிரோடு மூச்சு வாங்கி நின்றால் அதைப் பாராட்டிவிடாதீர்கள். புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும்; பிடரிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அந்தக் குதிரையை முகாமிலிருந்து விலக்கி மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகள்

புழுக்கத்தில் முதலில் கழற்றப்படுவது ஹெல்மெட். குதிரைக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் அது தலையில் இருக்க வேண்டும். வேலிக்கு வெளியே, நிழலில் மட்டும் கழற்றலாம். தலைமுடியை நனைத்து மெல்லிய பருத்தித் துணி கட்டி அதன்மேல் போட்டால் பொறுத்துக்கொள்வார்கள். துணி ஆளுக்கொன்று, இல்லாவிட்டால் பேன் பரவும். சைக்கிள் ஹெல்மெட் பின்தலையைப் போதிய அளவு மூடாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், தூக்கிப் போடுங்கள்.

அரைக்கால் சட்டை வேண்டாம், தொடை உரசிப் புண்ணாகும். ஜீன்ஸின் தடித்த தையலும் அப்படியே. பருத்தி லெகிங்ஸ் ஏற்றது. குதிகால் இல்லாத ஷூ அங்கவடிக்குள் (காலை வைக்கும் வளையத்துக்குள்) நழுவி மாட்டிக்கொள்ளும். சிறு குதிகாலாவது தேவை. புதுப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் கயிறு பிடிக்க ஒரு குதிரைப் பராமரிப்பாளர் வேண்டும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர், தாகம் இல்லாவிட்டாலும். இளநீரில் சோடியம் குறைவு, உப்புப் போட்ட நீர்மோர் மேல். ஓ.ஆர்.எஸ். கலக்கினால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்குங்கள்; பாதித் தண்ணீரில் கரைத்தால் கெடுதல். தலைவலி, குமட்டல் என்றால் உடனே இறக்கி நிழலுக்குக் கொண்டுபோங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைத்து, வண்டி வருமுன்பே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கத் தொடங்குங்கள்.

ஐந்து குதிரைக்கு வேலை இருந்தால் ஆறு குதிரை வேண்டும். ஆறாவது இல்லாத நாளில் அந்த அணிக்கு லாயத்து நிழலில் குளம்பு சுத்தம் செய்யவும் கடிவாளம் துடைக்கவும் கற்றுக்கொடுங்கள். அந்த நாள் ஏற்றம் கிடையாது என்று சேர்க்கையின்போதே பெற்றோரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.