அடர்நிற டிவி யூனிட்: அணைந்த திரையை மறந்தால் வரும் தவறுகள்

கடையில் அந்த யூனிட்டைப் பார்த்தபோது அதன் மேல் டிவி ஓடிக்கொண்டிருந்திருக்கும். பவளப்பாறை, மீன் கூட்டம், சூரியகாந்தித் தோட்டம் என்று திரை முழுக்க வண்ணம். கீழே கரும்பழுப்பு மரம் கம்பீரமாகத் தெரிந்திருக்கும். வாங்கி வந்து ஹாலில் வைத்து, அட்டைப் பெட்டிகளையெல்லாம் அகற்றி, அப்பாடா என்று சோபாவில் சாய்ந்த பிறகுதான் உறைக்கும்: வீட்டில் டிவி பெரும்பாலான நேரம் அணைந்துதான் இருக்கிறது. அணைந்த டிவி ஒரு பெரிய கறுப்புச் செவ்வகம். அதன் அடியில் இன்னொரு கறுப்புச் செவ்வகம். இரண்டும் சேர்ந்தால் ஒரு சுவரையே விழுங்கிவிடும்.

அடர்நிறமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். வெளிர்நிற யூனிட்டின் மேல் கறுப்புத் திரை துருத்திக்கொண்டு நிற்கும்; அடர்நிறத்தில் அது ஒட்டி அடங்கிப்போகும். ஆனால் வெளிர்நிறத்தில் கண்ணுக்குப் படாத சின்னப் பிசகுகூட இங்கே பளிச்சென்று தெரியும். யூனிட்டையும் அணைந்த திரையையும் ஒரே பொருளாக நினைத்து வாங்கினால் பாதிப் பிரச்சினை வராது. கீழே வரும் தவறுகளில் பலவற்றை நானே செய்திருக்கிறேன்.

டிவி உட்கார்ந்தால் போதும் என்று அளவெடுப்பது

55 அங்குல டிவி என்றால் திரையின் மூலைக்கு மூலை 55 அங்குலம். அகலம் ஏறத்தாழ 122 செ.மீ.தான். 65 அங்குலத்துக்கு 144 செ.மீ., 43 அங்குலத்துக்கு 95 செ.மீ. இந்தக் கணக்குத் தெரிந்தவர்களும், டிவி 122, யூனிட் 120, சரியாகப் பொருந்திவிடும் என்று வாங்கிவிடுகிறார்கள். உட்காரும், சரி. ஆனால் மேலே அகலமான கறுப்பு, கீழே அதைவிடக் குறுகலான கறுப்பு என்றால், எந்த நேரமும் கவிழ்ந்துவிடும்போல் ஒரு தோற்றம் வரும். இரண்டு பக்கமும் 20 முதல் 30 செ.மீ. மிஞ்சட்டும். 55 அங்குலத்துக்கு 165 - 180 செ.மீ. நீள யூனிட், 65 அங்குலத்துக்கு 185 - 200 செ.மீ. டிவியைச் சுவரில் மாட்டினாலும் இதே கணக்குதான். கண் பார்ப்பது ஒன்றுதானே.

ஸ்டாண்டில் வைப்பவர்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும். இப்போது வரும் பல டிவிகளுக்கு நடுவில் ஒற்றைக் கால் இல்லை. இரண்டு ஓரங்களிலும் தனித்தனிக் கால்கள். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் திரை அகலத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும். கால் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பயந்து, அவசரமாக ஒரு பலகையை வாங்கி அடியில் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

உயரம்: சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 100 - 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அதற்குப் பக்கத்தில் வந்தால் கழுத்து நன்றி சொல்லும். 55 அங்குல டிவியின் நடுப்பகுதி, காலையும் சேர்த்து, யூனிட்டின் மேற்பரப்பிலிருந்து சுமார் 40 செ.மீ. மேலே இருக்கும். எனவே யூனிட்டின் உயரம் 60 - 70 செ.மீ. இருந்தால் நல்லது. 80 செ.மீ. உயர அலமாரியை டிவி யூனிட்டாக்கினால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கறுப்பின் பரப்பும் தேவையில்லாமல் கூடும்.

வாங்கும் முன் யூனிட்டின் அளவைச் சுவரில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் டேப் எல்லையைத்தான் காட்டும், கனத்தைக் காட்டாது. அடர்நிறப் போர்வை ஒன்றை யூனிட்டின் அளவுக்கு மடித்து அதே இடத்தில் சுவரில் தொங்கவிடுங்கள். இரண்டு நாள் அதைக் கடந்து நடமாடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாவது நாளும் அது கண்ணை உறுத்தினால், இன்னும் குறுகலான யூனிட்டையோ ஒரு படி வெளிர்ந்த நிறத்தையோ தேடலாம்.

கடை வெளிச்சத்தில் நிறத்தை முடிவு செய்வது

அடர்நிறம் என்ற ஒரே பெயருக்குள் பல நிறங்கள் இருக்கின்றன. வால்நட் சாயலில் சிவப்போ மஞ்சளோ கலந்திருக்கும். வெங்கே என்ற மரத்தின் நிறம் கரும்பழுப்பு. கரிச்சாம்பலில் நீலம் ஒளிந்திருக்கும். கடையின் வெள்ளை வெளிச்சத்தில் இவையெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரியும். வீட்டில் 2700 - 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் விளக்கின் கீழ் சிவப்புச் சாயல் தூக்கலாகிவிடும், நீலச் சாயல் செத்துப்போகும். மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, யூனிட் நிற்கப்போகும் இடத்திலேயே நிமிர்த்தி வையுங்கள். மேசையில் படுக்கப் போட்டுப் பார்த்தால் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் உண்மையைவிட வெளிறித் தெரியும். காலையில் ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு ஒருமுறை பாருங்கள்.

தரையோடும் மற்ற மரச்சாமான்களோடும் நிறத்தை அச்சு அசலாகப் பொருத்த முயல்வதும் வீண் வேலை. கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் இருப்பதிலேயே மோசம். பொருத்தப் பார்த்துத் தோற்றுப்போனதுபோல் தெரியும். சாயல் ஒன்றாக இருக்கட்டும், அடர்த்தி இரண்டு மூன்று படி தள்ளி இருக்கட்டும்.

நிஜ வால்நட் மரமோ, அதை மெல்லிய தகடாகச் சீவி ஒட்டிய வெனீரோ வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். பல மரங்கள் வயதாக ஆகக் கறுக்கும். வால்நட் வெயில் பட்டால் வெளுக்கும். ஜன்னலோரம் வைத்து, மேலே ஒரே ஜாடியை வருடக்கணக்கில் நகர்த்தாமல் விட்டால், எடுக்கும்போது அடியில் கரிய வட்டம் இருக்கும். அவ்வப்போது பொருள்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

லேமினேட் என்றால் மரவரி என்பது அச்சடித்த காகிதம். அகலமான கதவுகளில் ஒரே முடிச்சு மூன்று இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் விளிம்பு. உள்ளே இருக்கும், மரத்தூளையும் மரநாரையும் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் பெரும்பாலும் வைக்கோல் நிறம். வெளிர் யூனிட்டின் ஓரம் உடைந்தால் யாருக்கும் தெரியாது. கறுப்பில் உடைந்தால் பல் போன இடம்போல் இளிக்கும். விளிம்பில் ஒட்டும் பட்டையான எட்ஜ் பேண்ட் 2 மி.மீ. கனத்தில் இருந்தால் இடிபட்டாலும் தாங்கும். அரை மி.மீ.க்கும் குறைந்த மெல்லிய பட்டைகள் துடைப்பம் படும் இடத்திலேயே உரியத் தொடங்கும்.

பளபளப்புக்கு மயங்குவது

என்னுடைய முதல் யூனிட் பளபளக்கும் கறுப்பு. கடையில் பியானோபோல் இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் இரவே படத்தில் வந்த ஒவ்வொரு வெடிப்பும் யூனிட்டின் மேற்பரப்பில் இன்னொரு முறை வெடித்தது. கீழ்ப்பக்கம் ஒரு இரண்டாவது டிவி, அதுவும் தலைகீழாக. பகலில் எதிர் ஜன்னல் அப்படியே கதவில் விழுந்தது. மூன்றாம் நாள் கைரேகைகள். அப்புறம் தூசி. அதை உலர்ந்த துணியால் தேய்த்துத் தேய்த்து, சுழல் சுழலாக மயிரிழைக் கீறல்களை நானே வரைந்து வைத்தேன். தூசிக்குள் நுண்மணலும் இருக்கும். உலர்ந்த துணியில் அது உப்புத்தாள் வேலை செய்யும். மைக்ரோஃபைபர் துணியை லேசாக ஈரப்படுத்தி, அழுத்தாமல் ஒரே திசையில் துடைப்பதுதான் சரி.

அதற்காக நேர் எதிராகப் போய், வழுவழு மேட் கறுப்பை வாங்கிவிடாதீர்கள். சிலவற்றில் விரலின் எண்ணெய்ப் பசை பளபளப்பில் தெரிவதைவிட மோசமாகத் தெரியும். கடையிலேயே கட்டைவிரலை அழுத்தி எடுத்துப் பார்த்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தூசியையும் கைரேகையையும் நன்றாக மறைப்பது, மரவரி கையில் தட்டுப்படும் சொரசொரப்பான கரும்பழுப்பு. தூசி வெளிர்நிறம் என்பதால் சுத்தக் கறுப்பில்தான் அது அதிகம் துலங்கும். ஒரு படி குறைந்த அடர்த்தியைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். கறுப்பு வாங்கியவர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை துணியைத் தூக்க வேண்டும்.

சுவரையும் தரையையும் கணக்கில் எடுக்காதது

தூய வெள்ளைச் சுவருக்கு முன் கரிய யூனிட்டை வைத்தால் கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கும். சுவரையும் கறுப்பாக்கினால் டிவி, யூனிட், சுவர் மூன்றும் கரைந்து ஒன்றாகும். நல்ல ஜன்னல் வெளிச்சம் உள்ள அறையில் இது அருமை, இல்லாத அறையில் குகை. இரண்டுக்கும் நடுவில் மணல், களிமண், சாம்பல் பச்சை போன்ற இடைநிறங்கள்தான் பலருக்கும் ஒத்துவரும். தரையும் இருண்டதாக இருந்தால் அடிப்பாகம் தரையில் புதையாத, கால் வைத்த யூனிட்டாகப் பாருங்கள். அடியில் 12 - 15 செ.மீ. தரை தெரிந்தாலே எடை குறைந்ததுபோல் இருக்கும். சுமார் 10 செ.மீ. உயரமுள்ள ரோபோ வேக்குவமும் உள்ளே போய் வரும். சுவரில் மிதக்கும் யூனிட் இதைவிட இலகுவாகத் தெரியும், ஆனால் உள்ளீடற்ற தடுப்புச் சுவர் என்றால் எங்கே, எதில் மாட்டுகிறார்கள் என்று கேட்காமல் துளை போட விடாதீர்கள்.

வெளிச்சத்தில் பெரும்பாலும் நடக்கும் தவறு, கூரை விளக்கு போதும் என்று விட்டுவிடுவது. அடர்நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். எனவே யூனிட்டின் மேல் இன்னும் வெளிச்சத்தைக் கொட்டுவதைவிட, அதன் பின்னால் உள்ள சுவரை ஒளிரச் செய்வது மேல். ஓரத்தில் ஒரு நிற்கும் விளக்கு சுவரில் மஞ்சள் ஒளியைப் பரப்பினால், கறுப்பு உருவத்துக்கு ஒரு விளிம்பு கிடைக்கும். அந்த விளக்கு திரையில் பிரதிபலிக்காத இடமாகப் பாருங்கள். டிவிக்குப் பின்னால் எல்இடி பட்டை ஒட்டுபவர்கள் ஊதா, நீலம் என்று போகாமல் 6500 கெல்வின் வெள்ளையை மங்கலாக வைப்பது நல்லது. படங்களின் வெள்ளை நிறம் அந்த அளவை வைத்துத்தான் சரிசெய்யப்படுகிறது என்பதால் திரையின் வண்ணம் கெடாது. வண்ணப் பட்டை மேலே வேறு ஒரு சாயத்தைப் பூசிவிடும்.

எல்லாவற்றையும் கதவுக்குள் அடைப்பது

மூடிய கதவு அழகுதான். ஆனால் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யும் ரிமோட்டால் மரக்கதவைத் தாண்ட முடியாது. செட்டாப் பாக்ஸை உள்ளே வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து வைப்பவர்கள், கடைசியில் கதவைத் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். புகைநிறக் கண்ணாடியோ இடைவெளி விட்ட மரச்சட்டங்களோ உள்ள கதவு இதற்குத் தோது. ரவுட்டரை உள்ளே வைத்தால் வைஃபை பலவீனமாகும், உலோகக் கதவு என்றால் இன்னும் மோசம். கேம் கன்சோல் வெளிவிடும் சூட்டுக்கு வழி வேண்டும்; பின்பலகையில் பெரிய திறப்பும் சுற்றிலும் 10 செ.மீ. இடமும் இருக்கட்டும்.

ஒயர் துளையைப் பார்க்கும்போது ஒயரின் கனத்தை நினைக்காதீர்கள், பிளக்கின் அளவை நினையுங்கள். 5 - 6 செ.மீ. இல்லாவிட்டால் மூன்று முள் பிளக் நுழையாது. வெள்ளை ஒயர் கறுப்பு மரத்தின் மேல் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். யூனிட்டை ஒட்டி வரும் ஒயர் கறுப்பாகவும், சுவரில் போவது சுவரின் நிறத்திலும் இருந்தால் வேலை முடிந்தது.

குழந்தைகள் இருந்தால் டிவியையும் யூனிட்டையும் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏறுவார்கள். இதில் அழகு பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

மேலே அடுக்குவது

புது யூனிட் வந்ததும் காலி இடம் கையை உறுத்தும். சின்னச் சின்னப் பொம்மைகள் பத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜாடி, நடுவில் வரிசையாகப் போட்டோ சட்டங்கள். கரிய மேற்பரப்பில் சின்னப் பொருள்கள் சிதறிய சில்லறைபோல் இருக்கும். ஒரு பக்கம் மட்டும், உயரம் மாறுபடும் இரண்டு மூன்று பெரிய பொருள்கள் போதும். பளபளப்பான உலோகமும் கண்ணாடியும் திரை வெளிச்சத்தை வாங்கி மின்னி, படம் பார்க்கும்போது கண்ணை இழுக்கும். மெருகு ஏற்றாத மண்ஜாடி, பிரம்புக் கூடை, வெளிர் அட்டை போட்ட புத்தகங்கள் கறுப்புக்குப் பக்கத்தில் உயிரோடு தெரியும். செடி வைத்தால் அடியில் தட்டு அவசியம். தண்ணீர் இறங்கினால் பார்ட்டிகிள் போர்டு உப்பிவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. சவுண்ட்பார் டிவியின் அடிவிளிம்பில் இருக்கும் ரிமோட் சென்சாரை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுக்கும்போது டிவியை அணைத்து வையுங்கள். முடிந்ததும் வாசலருகே நின்று போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போனதும் எங்கே இருட்டுக் குவிந்திருக்கிறது, எங்கே வெளிச்சம் இருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். நான் அப்படி எடுத்த முதல் படத்தில், மிகவும் யோசித்து வாங்கிய இரண்டு கறுப்பு ஜாடிகளையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவை இப்போது வெள்ளைச் சுவரோரம் வேறு அறையில் இருக்கின்றன.