கல்லூரிக் கட்டணம்: எந்த வழியில் சேர்கிறோம் என்பதில் தொடங்கும் தவறுகள்

பிளஸ் டூ தேர்வு முடிவதற்குள்ளேயே ஊருக்குள் ஆள் வந்துவிடுவார். கையில் கல்லூரியின் பெயர் அச்சடித்த பை, காலண்டர். "பஸ் ஃப்ரீ, ஹாஸ்டலுக்குப் பாதிதான், இப்பவே அட்வான்ஸ் கட்டிட்டா சீட் உறுதி" என்பார். கூலி வேலைக்குப் போகும் அப்பாவுக்கு இது பெரிய ஆறுதல். பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது, இனி எங்கும் அலைய வேண்டாம் என்று கடன் வாங்கியாவது கட்டிவிடுவார். தமிழ்நாட்டில் கல்லூரிக் கட்டண விஷயத்தில் ஏழைக் குடும்பங்கள் செய்யும் தவறுகளில் அதிகப் பணத்தை விழுங்குவது இதுதான்.

அரசு தரும் பெரிய சலுகைகள் குடும்பத்தின் நிலையை மட்டும் பார்த்து வருவதில்லை. மாணவர் எந்த வழியாகச் சேர்ந்தார் என்பதையும் பார்க்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கு 2010-11 முதல் இருக்கும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசு நடத்தி இடம் ஒதுக்கும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவர்களுக்கு மட்டுமே. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆதிதிராவிடர்களுக்கான அந்தத் திட்டத்தின் 2021ஆம் ஆண்டு மத்திய விதிமுறை, மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடத்தில், சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது என்கிறது. ஊருக்குள் வரும் ஆள் அட்வான்ஸ் வாங்கித் தருவது இந்த இடத்தைத்தான். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசு கட்டும். இன்னொருவரின் அம்மா தாலியை அடகு வைத்திருப்பார்.

கட்டணத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த உச்சவரம்பு, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. அதே இடம் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 85,000, 87,000. சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களைக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம். ஆண்டுதோறும் கலந்தாய்வு முடிந்த பிறகும் பொறியியல் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஊருக்குள் ஆள் அனுப்பிப் பிள்ளை பிடிக்கும் கல்லூரிகளில் பல, இப்படி இடம் நிரம்பாமல் தவிப்பவைதான். கலந்தாய்வில் சாதாரண மதிப்பெண்ணுக்கே கிடைக்கக்கூடிய இடத்தை மார்ச் மாதத்திலேயே அதிக விலைக்கு வாங்கி, கூடவே சலுகையையும் இழப்பது என்ன கணக்கு? முதல் சுற்றுகளில் இடம் கிடைக்காவிட்டால் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. அதுவரை பொறுத்திருப்பதில் நஷ்டமில்லை.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. பெயரில் 'பல்கலைக்கழகம்' இருப்பதைப் பார்த்து அரசுச் சலுகை எல்லாம் அங்கேயும் கிடைக்கும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் உண்டு. முதல் பட்டதாரி சலுகையும் 7.5 சதவீதமும் அங்கே செல்லாது.

இன்னொரு தவறு, கல்லூரி வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நடந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை, "பிளஸ் டூவில் இன்னும் நிறைய வாங்கட்டும்" என்று தனியார் உறைவிடப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிராய்லர் பள்ளி என்று ஊர் கேலி செய்தாலும் கூட்டம் குறைவதில்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேர்த்தி.) பதினொன்றில் பள்ளி மாறினால் அந்தத் தகுதி போய்விடும். மருத்துவத்துக்கு 2020இல் வந்த இந்த ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. இதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதாவது, தனியார் பள்ளிக்கு இரண்டு ஆண்டு பணம் கட்டி, கல்லூரியில் நான்கு ஆண்டு இலவசத்தைக் கைவிடுகிறோம். பள்ளி மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கை யாராவது அந்தப் பெற்றோரிடம் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

அரசு உதவிபெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்துக்கொள்வதும் நடக்கிறது. 7.5 சதவீதத்துக்கு உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் மட்டும் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டன.

முதல் பட்டதாரி சான்றிதழைப் பற்றி ஒன்று. குடும்பத்தில் பட்டம் முடித்தவர் யாரும் இருக்கக் கூடாது, ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை. சாதியும் வருமானமும் தடையில்லை. இது தெரியாமல் "நாங்கள் அந்த வகுப்பு இல்லையே" என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். சுயநிதிக் கல்லூரியில் இந்தச் சலுகை கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியைத்தான் குறைக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ், விடுதி, சீருடை, 'பிளேஸ்மென்ட் டிரெயினிங்' என்று ரசீதில் வரிசையாக வருபவை எல்லாம் உங்கள் தலையில்தான். சேர்வதற்கு முன் நான்கு ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் கட்டணம் இரண்டாம் ஆண்டில் மாறும்.

ரசீது என்றதும் சொல்லிவிடுகிறேன். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதனால்தான் அந்தப் பணத்துக்கு ரசீது வருவதில்லை. அசல் சான்றிதழ்களையும் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. சேர்ந்த இடத்திலிருந்து விலகினால் பணம் போனது போனதுதான் என்று விட்டுவிடவும் வேண்டாம். 2018ஆம் ஆண்டு யுஜிசி அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவென்று அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அதற்குப் பிறகு, ஆனால் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. முப்பது நாள் கடந்தால் ஒன்றுமில்லை. விலகல் கடிதத்தைத் தேதியுடன் கொடுத்து, ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்து வாங்குங்கள். தேதிதான் இங்கே பணம்.

கல்விக் கடனைக் கடைசி வழியாக நினைத்து, முதலில் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு வங்கிக்குப் போகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் மனு போட்டதற்குச் சான்று இருக்கும். கிளையில் "எங்கள் ஏரியா இல்லை" என்று வாய்வார்த்தையில் அனுப்பிவிட்டால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் கல்விக் கடனை மறுக்க வேண்டும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. அதற்கான நிபந்தனைகளில் முக்கியமானவை இரண்டு: வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்திருக்க வேண்டும், கல்லூரிக்கு நாக் (NAAC) தர அங்கீகாரமோ, பாடப்பிரிவுக்கு என்பிஏ (NBA) தர அங்கீகாரமோ இருக்க வேண்டும். வங்கி தானாகக் கேட்டு வாங்கும் என்று காத்திருந்தால் படிப்பு முடியும்போது வட்டி ஏறி நிற்கும்.

பொறியியல், மருத்துவம் என்றே பேசிக்கொண்டிருப்பதும் ஒரு தவறுதான். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது; சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை மட்டும். சென்னைப் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் 2010 முதல் ஏழை மாணவர்களுக்கான இலவசக் கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. பிளஸ் டூ முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டிய திட்டம் அது.

இவ்வளவு தாள், இவ்வளவு தேதி. உதவி யாருக்குத் தேவையோ அவர் ஒரு நாள் கூலியை விட்டு இ-சேவை மையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் நிற்க வேண்டியிருக்கிறது. கல்லூரி பணத்தை ஜூலையில் கேட்கிறது, உதவித்தொகை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இதைப் பெற்றோரின் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். திட்டத்தை வகுத்தவர்களின் கோளாறு. ஆனால் அது சரியாகும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. வருமானச் சான்றிதழைத் தேர்வு முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள்.

வங்கிக் கணக்கில் ஆதார் எண் கொடுத்தாயிற்று என்பதோடு நிம்மதியாகிவிடவும் கூடாது. அரசுப் பணம் வருவது, நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்கு. பள்ளியில் உதவித்தொகைக்கென்று தொடங்கி, பிறகு முடங்கிப்போன கணக்கில் இணைப்பு நிற்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். முதலாம் ஆண்டில் கல்லூரி அலுவலகம் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கும். இரண்டாம் ஆண்டில் அறிவிப்புப் பலகையோடு சரி.