தூக்கக் கோளாறோடு விலங்கு ஓவியம் வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் பக்கம் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே ஓவியமும் வரைகிறவர்களிடம் பேசினால், கொஞ்ச நேரத்தில் பேச்சு தூக்கத்துக்கு வந்துவிடும். விழிப்பு வந்தும் உடம்பு அசையாது, வாய் திறக்க வராது, நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அது நாய், சிலருக்கு எருமை. ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். டாக்டரைக் கேட்டால் தூக்க முடக்கம் என்பார். நாம் கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளை முடக்கி வைக்கிறது. விழித்த பிறகும் அந்த முடக்கம் கொஞ்ச நேரம் விடாமல் இருந்தால், கனவின் மிச்சம் திறந்த கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அப்படி வந்து நின்ற மிருகத்தை வரையலாம், தாராளமாக. ஆனால் அதில் சில தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மோசமானது, படத்துக்காக வேண்டுமென்றே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது. தூக்கம் குறைந்தாலும், தூங்கும் நேரம் தாறுமாறாக மாறினாலும், மல்லாந்து படுத்தாலும் அமுக்குவான் வர வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது வரும்போது கூடவே மந்தமும் வரும், மறுநாள் ஒரு காதின் கோடு கூட நேராக விழாது. ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி, அரைத்தூக்கத்தில் வரும் காட்சியைப் பிடிக்க, கையில் ஒரு சாவியைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்வாராம்; கண் அசந்ததும் சாவி கீழே வைத்த தட்டில் விழும், அந்தச் சத்தத்தில் எழுந்துவிடுவார். இதற்கு ஒரு ராத்திரியை அழிக்க வேண்டியதில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது, பியூசெலி என்ற ஐரோப்பிய ஓவியரின் குதிரையை அப்படியே எடுத்துப் போடுவது. 1781இல் ஹென்றி பியூசெலி வரைந்த ‘தி நைட்மேர்’ ஓவியத்தில் தூங்கும் பெண்ணின் மேல் ஒரு குட்டிப் பிசாசு உட்கார்ந்திருக்கும், திரைக்குப் பின்னாலிருந்து வெறித்த கண்ணோடு ஒரு குதிரை தலையை நீட்டும். அருமையான படம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ராகிக் கொல்லையில் யானை இறங்குமோ என்று காவல் இருந்து வளர்ந்தவரின் நெஞ்சில் ஐரோப்பியக் குதிரை வந்து ஏன் உட்கார வேண்டும்? குதிரைதான் வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடிக்குப் போய், பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரை வீரர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், எவ்வளவு குறைந்த கோட்டில் வேலை முடிந்திருக்கிறது என்று தெரியும்.

இன்னொரு தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த மயக்கத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு முகம், ஒரு கனம், ஒரு மூச்சு, அவ்வளவுதான். கொம்பு எங்கே முளைக்கிறது, திமில் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் கிடைக்காது. அந்த ஓட்டையை போனில் தேடிய படத்தால் அடைக்கும்போது ஆலம்பாடி மாட்டின் உடம்பில் காங்கேயம் கொம்பு ஏறிவிடுகிறது. நம் ஊர் ஆள் யாரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்! ஆலம்பாடிக்கு நெற்றி நீளம், கொம்பு பின்னோக்கிப் போகும், கருஞ்சாம்பல் உடம்பில் அங்கங்கே வெள்ளை இருக்கும். பென்னாகரம், காரிமங்கலம் பக்கம் தேடினால் நேரிலேயே பார்க்கலாம். கண்ணும் அப்படித்தான், பயத்தைக் காட்டுகிறேன் என்று மனிதக் கண்ணை வரைந்து வைப்பார்கள். மாட்டின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கும், நடுவில் உள்ள கருமணி படுக்கைவாட்டில் நீளும். அதைச் சரியாக வரைந்தாலே போதும், நேராகப் பார்க்காமல் பார்க்கிற அந்தப் பார்வை தானாக வந்துவிடும்.

ராத்திரி மஞ்சள் பல்பில் வண்ணம் கலக்காதீர்கள், காலையில் சாம்பல் நிறம் வேறு எதுவோ ஆகியிருக்கும். ராத்திரிக்குக் கரிக்கோல் போதும்.

அப்புறம், உடம்பு விஷயம். பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரித்தால் திடீரென்று முழங்கால் துவண்டு கையிலிருக்கும் பிரஷ் நழுவுவது, இவை இருந்தால் நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம். மூளையில் விழிப்பைத் தாங்கும் ஓரெக்சின் என்ற பொருள் குறைவதால் இந்தத் துவளல் வருகிறது. வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்றோ வலிப்பு என்றோ நினைத்துவிடுகிறார்கள். இது உள்ளவர் டர்பன்டைனையும் கத்தியையும் தனியாகக் கையாளக் கூடாது; வேலைக்கு முன் கால் மணி நேரம் தூங்கி எழுவது நல்லது. பலமான குறட்டை, மூச்சுத் திணறி விழிப்பது என்றால் அது வேறு வியாதி, அதற்கு வைத்தியமும் வேறு. நரம்பியல் மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ போய் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது செய்யும் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குணமானால் படம் வராமல் போய்விடும் என்று மாத்திரையை நடுவில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் கனவும் துவளலும் முன்பைவிட வேகமாகத் திரும்பும். பார்த்தது நோட்டில் இருந்தால் போதாதா, நோய் எதற்கு?

கடைசியாக, காசு வாங்கி வரைகிறவர்களுக்கு. எருது விடும் விழாவுக்குத் தன் காளையின் படம் கேட்பவருக்கும், செத்துப்போன நாயின் முகத்தைக் கேட்டு வருகிறவருக்கும் உங்கள் ராத்திரி தேவையில்லை. அந்தக் காளையும் அந்த நாயும்தான் வேண்டும். அட்வான்ஸ் வாங்கும் முன்பே உங்கள் படங்களில் இரண்டு விதத்தையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.