போயாவுக்கு முதல் நாள் பங்கு விற்கிறீர்களா?

கொழும்பு பங்குச் சந்தை பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் திறக்காது. திருகோணமலையில் இருந்துகொண்டு போனில் வாங்கி விற்கும் எங்களில் பலர் இதை மறந்துவிட்டுக் காசுக்குத் தவிப்பதுண்டு. விற்ற காசு வர இரண்டு வர்த்தக நாட்களாகும். திங்கள் விற்று, செவ்வாய் போயா என்றால் வியாழன்தான். சித்திரை வருடப்பிறப்புச் செலவுக்கென்றால் ஒரு வாரம் முந்தியே விற்றுவிடுங்கள்.

விடுமுறைக்கு முன் விலை ஏறும் என்பார்கள். அமெரிக்கச் சந்தையின் பழைய கணக்குகளில் அப்படியொரு போக்கு உண்டு. தரகுக் கூலி போனால் மிஞ்சுவது சொற்பம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: அன்று ஆட்கள் குறைவு, சின்னப் பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலும். ஒருமுறை கோணேசர் கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில் சந்தை விலைக்கே ஓடர் போட்டேன். 42 ரூபாயில் நின்றது 39.50க்குப் போனது. அப்புறம் விலையை நானே குறித்துத்தான் போடுகிறேன்.

நீண்ட விடுமுறையிலும் செய்தி நிற்காது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. வருடப்பிறப்பு முடிந்தும் சந்தை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. 25ஆம் திகதி திறந்ததும் விலைகள் சரிந்து வர்த்தகமே நிறுத்தப்பட்டது. கடன் வாங்கிப் பங்கு வைத்திருந்தால் விடுமுறைக்கு முன் அந்தக் கடனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.