சீன் மாறினாலும் கீபோர்டு மாறாது

தைப்பூச அனிமேஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் சீனில் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. வலது அம்புக்குறியை அழுத்தினால் நகரும். அடுத்த சீன் பத்துமலை. மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் ஒரு படி, மொத்தம் 272 படிகள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைத்தான் கொடுக்கிறேன். சீன் மாற்றத்தில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இதிலேயே தலைகாட்டிவிடும்.

முதல் தவறு, லிசனரை, அதாவது கீ அழுத்தப்படும்வரை காத்திருந்து நாம் சொன்ன ஃபங்ஷனை ஓட்டும் ஏற்பாட்டை, கழற்றாமல் சீனை விட்டுப் போவது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 (ஃபிளாஷ், அனிமேட் மென்பொருள்களின் மொழி) என்றால் லிசனர் எல்லாச் சீன்களுக்கும் பொதுவான ஸ்டேஜில் இருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் பொதுவாக டாக்குமென்ட்டில். சீன் போனாலும் இவை போவதில்லை. பத்துமலையில் நின்றுகொண்டு வலது அம்புக்குறியைத் தொட்டால் பழைய ஃபங்ஷன் ஓடி, அங்கே இல்லாத ரதத்தைத் தேடும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் எரர் 1009 (இல்லாத பொருளைத் தொட்டதாகச் சொல்லும் எரர்) வருவது இதனால்தான்.

எரர் வந்தால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். சத்தமே இல்லாமல் கெடுப்பது அடுத்தது. ‘மறுபடி ஆடு’ என்று கொடுத்துப் படிக்கட்டுக்குத் திரும்பினால், ஒரு தட்டுக்கு இரண்டு படி ஏறுகிறது. 136 தட்டில் சன்னிதி வந்துவிடுகிறது! பெயரில்லாத ஃபங்ஷனை லிசனராகப் போட்டால் சீன் தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்ளும். லிசனரை நீக்கும் ரிமூவ்ஈவென்ட்லிசனர் எழுதியிருக்கிறேனே என்பார்கள். சேர்த்த அதே ஃபங்ஷனைக் கொடுத்தால்தான் அது நீக்கும். அச்சு அசலாக அதேபோல் இன்னொன்றை எழுதிக் கொடுத்தால் எதையும் நீக்காது, எரரும் காட்டாது. பெயர் வைத்தால் மட்டும் போதாது. சீனைத் தொடங்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே அதை எழுதினால் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பிறக்கும். வெளியே ஒரே இடத்தில் எழுதி, அந்தப் பெயரையே சேர்க்கவும் நீக்கவும் கொடுங்கள்.

‘வலது கீ அழுத்தப்பட்டிருக்கிறது’ என்று ஒரு வேரியபிளில் குறித்து வைப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். விரலை எடுக்குமுன் சீன் மாறி, விரல் எடுப்பதைக் கவனிக்கும் கீஅப் லிசனரும் கழன்றுவிட்டால், அந்த வேரியபிள் ட்ரூவாகவே நின்றுவிடும். திரும்பி வரும்போது யாரும் தொடாமலே ரதம் ஓடும். சீனை விட்டு வெளியேறும் இடத்தில் எல்லாவற்றையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். பிரவுசரில் விண்டோவை விட்டு விலகும்போது வரும் பிளர் ஈவென்ட்டிலும் அதையே செய்ய வேண்டும், ஏனென்றால் வேறு விண்டோவுக்குப் போய்விட்டால் கீஅப் நமக்கு வராது. என்டரைப் பிடித்துக்கொண்டே இருந்து இரண்டு மூன்று சீன்களைத் தாண்டிவிடுகிறார்களா? ஜாவாஸ்கிரிப்ட் என்றால், கீ அழுத்தும்போது வரும் கீடவுனில் ஈவென்ட்.ரிபீட் ட்ரூவாக இருந்தால் (கீயைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள்) அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள்.

புதிய சீனில் எந்தக் கீயுமே வேலை செய்யவில்லை என்றால் ஃபோகஸைப் பாருங்கள், அதாவது கீ அழுத்தங்கள் இப்போது யாரிடம் போகின்றன என்று. ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் ‘தொடர்’ பட்டனை மவுஸால் அழுத்தியதும் ஃபோகஸ் அதனிடம் போகிறது, பட்டன் மறைந்ததும் அதுவும் தொலைகிறது. சீன் தொடங்கும்போது ஸ்டேஜ்.ஃபோகஸுக்கு ஸ்டேஜையே கொடுத்தால் சரியாகிவிடும்.